பீட்ரூட் சாட்சி

என் தங்கைக்குப் பட்டறையில் வைத்த பெயர் மில்லி. மில்லிகிராமில் பாதியை வெட்டிக் கூப்பிடுகிறார்கள். எடை இயந்திரங்களைப் பழுது பார்த்துச் சரிபார்க்கும் பட்டறை அது. காய்கறிக் கடை, மருந்துக் கடை, பழைய இரும்புக் கடை, எல்லாவற்றின் இயந்திரமும் வருடத்துக்கு ஒரு முறை அவள் மேசைக்கு வந்தாக வேண்டும். கையுறை மாட்டி, இடுக்கியால் படிக்கற்களை எடுத்து வைத்து, எண் ஆடாமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை பட்டால்கூடக் கல்லின் எடை மாறிவிடுமாம். அவள் வேலை செய்யும்போது மின்விசிறி ஓடக்கூடாது, பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது.

அந்த வேலை அவளை இப்படி ஆக்கியது என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார். பாவம், அவருக்கு அவளைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். சின்ன வயதில் அம்மா ஒரு பிஸ்கட்டை இரண்டாக உடைத்து எங்களுக்குக் கொடுத்தால், இவள் இரண்டு பாதியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டுப் பெரியதை எடுப்பாள் என்று நினைக்காதீர்கள். பெரியதை எதற்கு நமக்கு விட்டுவைக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுச் சின்னதை எடுப்பாள். அந்தச் சந்தேகத்தால் நான் நிறையப் பிஸ்கட் தின்றிருக்கிறேன்.

அவளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. பெண் குழந்தை, உள்ளங்கையில் அடங்கிவிடும் போல இருந்தாள். பிறந்ததும் ஆறு வாரம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் ஏற்றினார்கள். குழாயைப் பிடுங்கிவிடக்கூடாது என்று இரண்டு கையிலும் துணிப்பை கட்டியிருந்தார்கள். என் தங்கை கண்ணாடிக்கு வெளியே நின்று, பக்கத்தில் இருந்த திரையில் ஏறி இறங்கும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பார்க்கப் பயம். எண்ணைப் பார்த்தால் தைரியமாக இருந்தது என்று பின்னால் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து பாலைக் குடித்து ஒப்பேற்றிவிட்டாள் குழந்தை. கெட்டியான சாப்பாடு கொடுக்க ஆரம்பித்தபோதுதான் தலைவலி தொடங்கியது. கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எப்படியாவது ஒரு வாய் உள்ளே போனால் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் கழித்துத் துப்புவாள். கட்டாயப்படுத்தினால் குமட்டிப் பாலையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுவாள். பதினான்காம் மாதம் டாக்டர் எடை பார்த்தார். ஏழு கிலோ முந்நூற்று இருபது. “அடுத்த மாசத்துக்குள்ள முன்னூறு கிராமாவது ஏறணும். இல்லன்னா மறுபடியும் குழாய்தான்” என்றார். என் தங்கை முகத்தில் ஈயாடவில்லை. அந்தத் துணிப்பைகளை அவள் இன்னும் அலமாரியில் வைத்திருந்தாள், தூக்கிப் போட மனமில்லாமல்.

அன்று மாலையே பட்டறையிலிருந்து ஓர் எடை இயந்திரம் வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பாடு என்பது சோதனைச் சாலை வேலை. மின்விசிறியை நிறுத்து, ஜன்னலைச் சாத்து, யாரும் பேசாதே. கிண்ணம் இயந்திரத்தின் மேல், குழந்தை நாற்காலியில், கையைத் தட்டிவிடாமல் இருக்க ஒரு துண்டால் சுற்றி. ஒவ்வொரு கரண்டிக்கும் என் தங்கையின் கண் ஒரு முறை வாய்க்கும் ஒரு முறை எண்ணுக்கும் போய் வரும். சிந்தியதை வழித்து மறுபடியும் கிண்ணத்தில் போட்டு எடை பார்ப்பாள். ஒரு மணி நேரப் போராட்டத்தில் இருபது கிராம் உள்ளே போனால் பெரிய விஷயம். எல்லாம் முடிந்து குழந்தையைத் தூங்கப் போட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள், சமையலறையில் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்து.

பகலில் குழந்தை இருப்பது ஒரு குழந்தைகள் காப்பகத்தில். என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே. பக்கத்துத் தெருவில் இதைவிட நல்ல காப்பகம் இருந்தும் தங்கை இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே என் கடைதான்.

“அக்கா, உனக்கு அங்கிருந்து வாசல் தெரியும்ல? ஒரு கண்ணு வெச்சுக்கோ” என்றாள்.

“ரெண்டு கண்ணையும் வெச்சுட்டா ஜெராக்ஸ் யாருடி போடறது?” என்றேன். ஆனாலும் வைத்தேன்.

காப்பகத்தில் குழந்தைக்குச் சாப்பாடு கொடுப்பவளைச் சின்ன ஆயா என்பார்கள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. யாரிடமும் ஒட்டமாட்டாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். என் தங்கை தினமும் நூற்றைம்பது கிராம் மசித்து டப்பாவில் கொடுத்தனுப்புவாள். மாலையில் டப்பாவை எடை போட்டால், மிச்சம் பதினைந்து கிராம்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம் அல்லவா? என் தங்கைக்குத் தூக்கம் போய்விட்டது. “என்கிட்ட இருபது கிராம் சாப்பிடாத குழந்தை அவகிட்ட நூத்திமுப்பத்தஞ்சு சாப்பிடுதா? அப்படின்னா ஏன் எடை ஏறல? ரெண்டு வாரத்துல எண்பது கிராம்தான் ஏறியிருக்கு. மிச்சம் எங்கக்கா போச்சு?”

எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அந்தச் சின்ன ஆயா சாப்பாட்டைக் குப்பையில் கொட்டுகிறாளா, வேறு குழந்தைக்குக் கொடுக்கிறாளா, அல்லது மூக்கைப் பிடித்து வாயில் திணிக்கிறாளா என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து அலசினோம். ஆனால் தங்கையின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு இன்னொன்றும் புரிந்தது. அவள் நினைப்பது பொய்யாக இருந்துவிட்டாலும் அவளுக்கு நிம்மதி கிடையாது. அந்த ஆயா கொடுத்துத்தான் குழந்தை சாப்பிடுகிறாள் என்றால், பெற்றவளிடம் ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாள்? அதை அவள் வாய் விட்டுக் கேட்கவில்லை. ஆயா திருடி என்று நிரூபிப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

பீட்ரூட் அவள் யோசனைதான். சரிபார்க்கிறவள் மூளை வேறு எப்படிப் போகும்? ஒரு வியாழக்கிழமை, டப்பா நிறையப் பீட்ரூட்டை வேகவைத்து, நன்றாக மசித்து அனுப்பினாள். “யார் வாய்க்குப் போனாலும் சாயம் காட்டிக் கொடுத்துடும்” என்றாள்.

சாயம் நேராக என்னிடமே வந்தது. மதியம் இரண்டு மணிக்குச் சின்ன ஆயா அடையாள அட்டையை நகலெடுக்க என் கடைக்கு வந்தாள். “ரெண்டு காப்பி, முன்னும் பின்னும்” என்று அவள் சொன்னபோது பார்த்தேன். உதடு சிவப்பு. நாக்கு அதைவிடச் சிவப்பு. அதையே பார்த்தபடி, அட்டையைத் தலைகீழாக வைத்து ஒரு தாளை வீணாக்கினேன். அவள் போன பிறகு தங்கைக்குப் போன் போட்டேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமை எனக்கு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

புகார்க் கடிதத்தை என் கடைக் கணினியில் நான்தான் தட்டச்சு செய்தேன். காப்பகத்து மேடம் சின்ன ஆயாவைக் கூப்பிட்டு, எங்கள் முன்னால் நிறுத்தி விசாரித்தார்.

“குழந்தை சாப்பாட்டை நீ சாப்பிட்டியா?”

“ஆமா மேடம், சாப்பிட்டேன்.”

அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. “தினமுமா?” என்றாள் என் தங்கை.

“தினமும்தான். பாப்பா ஊட்டி விடும். நான் வாங்கிக்குவேன்.”

என் தங்கை சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. “பாப்பா சாப்பாட்டைக் கையாலகூடத் தொடமாட்டா. அவ உனக்கு ஊட்டி விட்டாளா? காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவு வேணாமா?”

சின்ன ஆயா என்னைப் பார்த்தாள். எதற்கு என்னைப் பார்த்தாள் என்று தெரியவில்லை. ஒருவேளை அந்த அறையில் நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்ததால் இருக்கலாம். நான் தரையைப் பார்த்தேன். அன்று மாலையே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். துணிப்பையை எடுத்துக்கொண்டு அவள் என் கடையைத் தாண்டிப் போனபோது, நான் காகிதக் கட்டைப் பிரிப்பது போல் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு புது ஆயா வந்தாள். டப்பா போனது போலவே திரும்பி வந்தது. நூற்றைம்பது போய் நூற்று நாற்பத்தெட்டு. என் தங்கை முதல் இரண்டு நாள், “பாரு, இவ நேர்மையானவ” என்றாள். மூன்றாம் நாள் டப்பாவை இரண்டு முறை எடை போட்டாள். ஐந்தாம் நாள் குழந்தையின் எடை ஏழு கிலோ இருநூற்றுத் தொண்ணூறு. தொடங்கிய இடத்துக்கும் கீழே. டாக்டரிடம் போக இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு மேடமே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். பாலைக்கூடத் தொடவில்லையாம், அழுது அழுது தொண்டை கட்டிவிட்டதாம். தங்கை பட்டறையில் இருந்தாள். நான் குழந்தையை வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில், காகிதக் கட்டின் மேல் உட்கார வைத்தேன். எனக்குப் பசி. காலையில் வாங்கி வைத்த வாழைப்பழத்தை உரித்து, ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் ஜெராக்ஸ் போட்டேன். சத்தியமாக, அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. தின்னாத குழந்தைதானே என்று பழத்தை மேசையில் வைத்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் பழத்தில் கை வைத்திருந்தாள். ஒரு துண்டைப் பிய்த்து, விரலிடுக்கில் பாதி நசுங்க, என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் வாயைத் திறந்தேன். உள்ளே வைத்தாள். நான் மெல்லுவதையே கண்கொட்டாமல் பார்த்தாள். நான் விழுங்கியதும் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இன்னொரு துண்டைப் பிய்த்துத் தன் வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள். அப்புறம் மறுபடி எனக்கு. ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. என் முறை வந்து நான் வாய் திறக்கத் தாமதித்தால் அவளும் நிறுத்திக்கொண்டாள். வாசலில் ஒருவர் பத்துப் பக்கம் நகல் வேண்டும் என்று நின்றுகொண்டே இருந்தார். அந்தப் பெண் சொன்னதெல்லாம் உண்மை. அத்தனையும் உண்மை.

தங்கையிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “எத்தனை கிராம்?” என்றாள்.

“எடை போடலடி.”

“அப்போ உனக்கு எப்படித் தெரியும்?”

அன்று மாலையே சோதனை. மின்விசிறி நின்றது, ஜன்னல் சாத்தப்பட்டது. வாழைப்பழம் இயந்திரத்தின் மேல் ஏறியது. “எங்க, அம்மாவுக்குக் கொடு பார்க்கலாம். கொடு. கொடுடா” என்று பரீட்சை வைப்பது போலக் கேட்டாள். குழந்தை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நீயே தின்னுட்டு என்கிட்ட கதை விடறியா அக்கா?”

கூடப் பிறந்தவளைப் பார்த்து அப்படிக் கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் இறங்கிவிட்டேன். இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை அவள் குழந்தையோடு கடை வாசலில் நின்றாள். “ஏழு இருநூத்தி அறுபது” என்று மட்டும் சொன்னாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. கடையை மூடிவிட்டு, மேடத்திடம் சின்ன ஆயாவின் முகவரியை வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

சின்ன ஆயா ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தாள். இப்போது ஒரு விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறாளாம். கதவைப் பாதி திறந்து, உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள். தங்கையின் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள்.

“இன்னைக்கு என்ன கலர் போட்டுக் கொண்டு வந்திருக்கீங்க?”

நான்தான் விஷயத்தைச் சொன்னேன். நடுவில் குழந்தை அவளைப் பார்த்துக் கை இரண்டையும் நீட்டினாள். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் கைகள் கதவைப் பிடித்திருந்த இறுக்கத்தைப் பார்த்தேன்.

“நான் எடுத்துக்கிட்டா, கொஞ்ச நேரத்துல என்ன செஞ்சேன்னு கேப்பீங்க” என்றாள்.

“கேக்கமாட்டேன்” என்றாள் என் தங்கை.

“கேப்பீங்க. உங்க கண்ணு அப்படி. எனக்கு வித்தை ஒண்ணும் தெரியாதுங்க. மதியம் பசிக்கும், பாப்பா பக்கத்துல உட்கார்ந்து என் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். அது ஒரு நாள் அதோட டப்பாவுல கைய விட்டு எனக்குக் கொடுத்துச்சு. வாங்கிக்கிட்டேன். அதுக்கப்புறம் அதுவும் சாப்பிட்டுச்சு. பாதிக்குப் பாதி என் வயித்துக்குத்தான் போச்சு, அதை நான் இல்லன்னு சொல்லல. ஏங்க, உங்களுக்கு அது கொடுத்ததே இல்லையா?”

கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் சைக்கிள் கடை தாண்டி, மருந்துக் கடை தாண்டி, தங்கை சிக்னல் அருகே நின்றாள்.

“கொடுத்திருக்கா அக்கா. மெஷின் வந்த புதுசுல. மூணு நாலு தடவை நீட்டினா. அது அவ பங்கு, நான் தின்னா எண்ணு தப்பிடும்னு அவ வாய்லயே திருப்பி வெச்சுட்டேன். கையைத் துடைச்சு விட்டேன். அப்புறம்தான் துண்டு சுத்த ஆரம்பிச்சேன்.” நடுத்தெருவில் நின்று அழுதாள். “நான்தான் அக்கா. நான்தான் அவ கையைக் கட்டினேன்.”

நான் அவளைத் தேற்றவில்லை. தேற்ற என்ன இருக்கிறது, நானும்தான் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள். குழந்தையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தேன்.

எடை இயந்திரத்தை அவள் வீட்டுக்காரர் பட்டறைக்கே கொண்டுபோய்ப் போட்டார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், மின்விசிறி ஓட. முதல் நாள் குழந்தை தொடவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. தங்கையின் கண் பழக்க தோஷத்தில் இயந்திரம் இருந்த மூலைக்கே போய்க்கொண்டிருந்தது என்று அவர் சொன்னார். “என் சாப்பாடு தொண்டையில இறங்கலக்கா, ஆனா மென்னுட்டே இருந்தேன்” என்றாள் இவள். நான்காம் நாள் மதியம் நான் போயிருந்தபோது, குழந்தை தட்டில் இருந்த பீட்ரூட்டில் ஒரு விரலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். ஒரு சின்னத் துணுக்கை எடுத்து அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். என் தங்கையின் கை தன்னையறியாமல் அதைத் திருப்பிவிடப் பாதி தூரம் எழும்பியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, வாயைத் திறந்தாள்.

டாக்டரிடம் போனபோது ஏழு கிலோ முந்நூற்று எண்பது. மொத்தத்தில் அறுபது கிராம்தான் ஏற்றம். “நான் கேட்டது முன்னூறு” என்றார் டாக்டர், புருவத்தை உயர்த்தி. நடந்ததைச் சொன்னால் அவரும் நம்பவில்லை. என் தங்கை எதுவும் வாதாடாமல் பீட்ரூட் டப்பாவைத் திறந்து அவர் மேசை மேல் வைத்து, குழந்தையை மடியில் உட்கார வைத்தாள். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று தனக்கு, ஒன்று அம்மாவுக்கு. நாலாவது துணுக்கு டாக்டரை நோக்கி நீண்டது. அவர் கொஞ்சம் தயங்கி, பிறகு வாங்கிக்கொண்டார். “குழாய் இப்போ வேண்டாம். மாசா மாசம் வாங்க” என்று சிவந்த உதட்டோடு எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் கடைக்கு வந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். சின்ன ஆயா சொன்னது அத்தனையும் உண்மை, நான் நம்பாமல் எழுதிய புகாரைத் திரும்பப் பெறுகிறேன், அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு காப்பி. ஒன்றை மேடம் வாங்கி வைத்துக்கொண்டு, யோசிக்கிறேன் என்றார். இன்னொன்றை எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் பின்னால் போனோம்.

கதவு அன்று போலவே பாதிதான் திறந்தது. என் தங்கை கடிதத்தை நீட்டினாள். அந்தப் பெண் அதைத் தொடவில்லை. குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியில் என் தங்கையை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

“பாப்பா கொடுத்துச்சா?”

“கொடுத்தா.”

“வாயைத் திறங்க.”

ஊரில் உள்ள எடை இயந்திரங்களையெல்லாம் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிற என் தங்கை, அந்த வாசலில் மறு பேச்சு இல்லாமல் வாயை அகலத் திறந்து, நாக்கை நீட்டிக் காட்டினாள். அந்தப் பெண் முன்னால் குனிந்து நன்றாகப் பார்த்தாள். நாக்கு அடிவரை சிவப்பாக இருந்தது. பார்த்து முடித்த பிறகுதான் கையை நீட்டினாள். கடிதத்துக்கு இல்லை, குழந்தைக்கு.